இறங்கியதும் தொடங்கும்

வெளிநாடு போகிறவர்கள் இ-சிம்மை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. இறங்கின இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு கடை தேடி, வரிசையில் நின்று சிம் வாங்குவது வீண் அலைச்சல். இதில் அந்தத் தொல்லை இல்லை. கையில் பிடிக்க ஒரு பொருளே கிடையாது. மெயிலில் ஒரு க்யூஆர் கோடு வரும். போனில் காட்டினால் ஏறிக்கொள்ளும். ஊர் நம்பர் அதுபாட்டுக்கு இருக்கும், அந்த ஊர் நெட் இதுபாட்டுக்கு ஓடும். என் வீட்டுக்காரருக்கு ஐந்து முறை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வேலை பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பொருத்துவது, பழுது பார்ப்பது. வருடத்தில் இரண்டு மூன்று முறை கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பும். ஏழு நாள், எட்டு நாள். ஆள் உயரத்துக்கு நிற்கிற இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவார். வீட்டில் கேஸ் தீர்ந்தால் சிலிண்டரை மாற்ற என்னைக் கூப்பிடுவார். அப்படி ஒரு சாது. பூனைக்குட்டியைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்.

நான் ஊசி மருந்துக் கம்பெனியில் பரிசோதகர். மருந்துக் குப்பியைக் கழுத்தில் பிடித்து, மெல்லச் சுழற்றி, விளக்கடியில் கறுப்புப் பலகைக்கு முன் ஐந்து விநாடி, வெள்ளைப் பலகைக்கு முன் ஐந்து விநாடி பார்க்க வேண்டும். வெள்ளைத் தூசு கறுப்பில் தெரியும், கறுப்புத் தூசு வெள்ளையில் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை கண்ணுக்கு ஓய்வு. எங்களையும் சோதிப்பார்கள். பழுதென்று தெரிந்த குப்பிகளை நல்லவற்றோடு கலந்து ஒரு தட்டில் வைத்துத் தருவார்கள். பழுதை விட்டுவிட்டால் பெரிய குற்றம். நல்லதைத் தூக்கிப் போட்டால் சின்னக் குற்றம். பதினாறு வருடத்தில் நான் ஒரு பழுதையும் விட்டதில்லை.

முதல் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காகிதத்தில் அது தவறாக இருக்கிறது.

அப்போது போய் இரண்டாம் நாளே செட்டிங்ஸில் எதையோ நோண்டி இ-சிம்மை அழித்துவிட்டார். அந்தக் கோடு ஒரு முறைதான் ஏறும், அழித்தால் போனது போனதுதான். மீதி ஐந்து நாள் அவர் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஓட்டலுக்கு வந்து கூப்பிட்டால் உண்டு. திரும்பி வந்தபோது நான் அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "எந்த விரலால அழிச்சீங்க?" என்று கேட்டேன். வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். மேசையில் வைக்கச் சொன்னேன். வைத்தார். இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் வைத்து ஐந்து எண்ணினேன். நாளுக்கு ஒன்று. பிறகு நானேதான் குழாயடியில் கையைப் பிடித்து, மருந்து தடவி, ஒரு வாரம் சோறும் ஊட்டினேன். அடிக்கிற கைதான் அணைக்கும். பொட்டலத்தின் வாயை ஒட்டும் சூட்டுத் தாடை கடித்துவிட்டது என்று அவர் ஆபீசில் சொல்லிக்கொண்டார். அந்த வேலையில் அது சகஜம்.

நான் அவரைக் கொடுமைப்படுத்தியதாக நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். கதவிடுக்கில் நசுங்கியது வேறு விரல், வேறு விஷயம்.

அதன் பிறகு அவர் செட்டிங்ஸ் பக்கமே போகவில்லை. அடுத்த நான்கு பயணங்களுக்கும் நானே ஏற்றி, ஏறிவிட்டதா என்று பார்த்து, இ-சிம் லைனை ஆஃப் செய்து கொடுத்தேன். இங்கேயே ஆனில் இருந்தால் நாள்கணக்கு முன்கூட்டியே தொடங்கிவிடலாம் என்று போட்டிருந்தது. "எல்லாம் பண்ணிட்டேன். நீங்க ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். போய் இறங்கியதும் கூப்பிடுவார். தினமும் மூன்று முறை கூப்பிடுவார். "நெட் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "சூப்பரா இருக்கும்மா. நீ போட்டா கேக்கணுமா?" என்பார். எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஐந்தாவது பயணத்தில், அவர் போன மூன்றாம் நாள், கண் ஓய்வு நேரத்தில் சோடாபுட்டி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். எனக்கு அடுத்த மேசைக்காரி. கண்ணாடி தடிமன் என்பதால் அந்தப் பேர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என் மக நேத்து வெளிநாடு கிளம்பிட்டா. நானும் உன்ன மாதிரி இ-சிம் போட்டுக் குடுத்துட்டேன், தெரியுமா? பிளேன் இறங்கி அஞ்சு நிமிஷம் ஆகல, எனக்கு மெயில் வந்துடுச்சு. உங்க ஏழு நாள் ஆரம்பிச்சிடுச்சுன்னு."

"மெயிலா?"

"ஆமா. அந்த ஊர் டவரத் தொட்டாத்தான் நாளே ஆரம்பிக்குமாம். உனக்கு வந்திருக்குமே. ஏன், உங்க வீட்டுக்காரர் டவரத் தொடலியா? வேற எதையாவது தொட்டுக்கிட்டிருக்காரா?"

சிரித்தாள். பக்கத்து மேசைக்காரிகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மகளுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்து அனுப்பினாள் என்று மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

கழிப்பறையில் என் போனைத் திறந்து, வாங்கினவற்றின் பட்டியலைப் பார்த்தேன். முதல் பயணத்தது: தொடங்கியது, அழிக்கப்பட்டது. இரண்டாவது: தொடங்கவே இல்லை, காலாவதி. மூன்றாவது, நான்காவது: அதேதான். ஐந்தாவது, அதாவது அப்போது அவர் போயிருந்தது: இன்னும் தொடங்கவில்லை.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். அந்த நாட்டின் டவரைத் தொட்டால் நாள் தொடங்கும். தொடங்கவில்லை. ஆகவே போன் அந்த நாட்டில் இல்லை. போன் இல்லையென்றால் அவரும் இல்லை. அப்படியானால் நான்கு முறையும் பெட்டியோடு கிளம்பியவர் எங்கே போய்த் தங்கினார்? இதில் எந்த இடத்தில் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அவருடைய பாஸ்போர்ட்டைக் கம்பெனியே வாங்கி வைத்துக்கொள்ளும், முத்திரையை நான் பார்த்ததில்லை. டிக்கெட் போனிலேயே வரும், போனிலேயே போகும். வாங்கி வரும் சாக்லெட் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது.

அன்று சாயங்காலம் வீடியோவில் வந்தார். ஒரு கட்டில், ஒரு விளக்கு, வெள்ளைச் சுவர்.

"ஜன்னலக் காட்டுங்க, பார்ப்போம்."

காட்டினார். எதிரே இன்னொரு கட்டிடத்தின் பின்புறம். வரிசையாக ஏசி பெட்டிகள். அப்படிப்பட்ட சுவர் எங்கள் தெருவிலேயே நான்கு இருக்கிறது.

"இப்ப ஓட்டல் வைஃபைல பேசறீங்களா, நம்ம நெட்லயா?"

"நம்ம நெட்தாம்மா. ஓட்டல் வைஃபை சுத்த மோசம்."

அவர் அதைச் சொன்னபோது என் மடியில், எனக்குக் கம்பெனியில் கொடுத்திருந்த இன்னொரு போன் இருந்தது. அதில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். இன்னும் தொடங்கவில்லை.

"சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஐந்து நாள் காத்திருந்தேன். அவசரப்படவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பில் ஒரு தடவை, வெள்ளையில் ஒரு தடவை பார்க்காமல் நான் எதையும் ஒதுக்குவதில்லை.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார். எனக்கு இரண்டு மணி ஷிஃப்ட். தண்ணீர் கொடுத்தேன். பயணம் எப்படி என்று கேட்டேன். இயந்திரத்தில் பொட்டலம் கோணலாகவே விழுந்தது, சரி செய்வதற்குள் தாலி அறுந்தது என்றார். நெட் எப்படி என்று கேட்டேன். சூப்பர் என்றார். குளிக்கப் போனார்.

பெட்டியைத் திறந்தேன். கருவிப் பைக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில், காலுறையில் சுற்றி இன்னொரு போன் இருந்தது. பழையது. நான் வாங்கித் தராதது.

அவர் துண்டோடு வந்தபோது அது மேசையில் இருந்தது. பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதுவே போதும். இருந்தாலும் கேட்டேன்.

"இது யாரோடது?"

"ஆபீஸ்து."

"நெட் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"ஏங்க, கடைசியா கேக்கறேன். நான் போட்டுக் குடுத்தது வேலை செஞ்சுதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். சட்டை எடுக்கப் பெட்டிமேல் குனிந்தார்.

பெரிய ஸ்பேனர் என் கையில் இருந்தது. முதல் அடி காதுக்குப் பின்னால். மண்டி போட்டார். திரும்பி என்னைப் பார்த்து, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்றார். ஒப்புக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது நெற்றியில். மூன்றாவதற்குக் கையைத் தூக்கினார், மணிக்கட்டு உடைந்தது. அந்தச் சத்தம் குப்பியின் கழுத்தை ஒடிப்பதுபோலத்தான் இருந்தது, கொஞ்சம் பெரிதாக. அதன் பிறகு அவர் கையைத் தூக்கவில்லை. பிணப்பரிசோதனையில் பதினொரு அடி என்று இருக்கிறது. நான் ஏழுவரை எண்ணினேன். நாளுக்கு ஒன்று. மேலே நான்கு விழுந்திருந்தால் நான் மறுக்கவில்லை. ஒரு பயணத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அந்த இன்னொரு போன் அடித்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. வைப்பாட்டி நம்பருக்கு அக்கா என்று பேர் போடுவது ஊர் உலகத்தில் நடக்காததா? எடுத்துக் காதில் வைத்தேன், பேசவில்லை.

"தம்பி, வீடு போய்ச் சேந்துட்டியா? அவ ஒண்ணும் கேக்கலியே? டேய், ஏன் பேச மாட்டேங்கற? பக்கத்துல இருக்காளா?"

என் நாத்தனார் குரல். பதினொரு வருடமாகக் கேட்கிற குரல். வைத்துவிட்டேன். போனைப் பழையபடி காலுறையில் சுற்றி, பைக்குள் போட்டேன். ஸ்பேனரைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் செருகினேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். அன்று என் மேசைக்குச் சோதனைத் தட்டு வந்தது. பழுது ஒன்பதையும் எடுத்தேன். பதிவேட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் தம்பிக்கு அடித்து அடித்துப் பார்த்து, வீட்டுக்கே வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நீங்கள் என் கம்பெனிக்கு வந்தபோது மணி ஐந்தரை. கையிலிருந்த தட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். உங்கள் காவலர் விடவில்லை. பதினெட்டுக் குப்பிகள் பார்க்கப்படாமல் நின்றன.

இனி நேற்று நீங்கள் காட்டியவை. விமானத்தில் ஏறியவர்கள் பட்டியல், ஐந்து பயணத்துக்கும். வெளிநாட்டுத் தொழிற்சாலை வாசலில் அவர் போட்ட கையெழுத்து. சரி, போயிருக்கிறார். நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய போனில் இருந்தவை அந்த ஊர் சிம் ஒன்று, நம் ஊர் சிம் ஒன்று; சேமித்திருந்த நம்பர் ஒன்றே ஒன்று, அவருடைய அக்காவுடையது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் அக்காவுக்கு அனுப்பிய செய்தியை நீங்கள் இரண்டு முறை வாசித்தீர்கள்.

"இந்தத் தடவையும் நெட் வரலக்கா. லைன் ஆஃப்ல இருக்கு. ஒரே ஒரு பொத்தான்தான். ஆன் பண்ணினா வந்துடும். ஆனா நான் தொட்டேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

அதற்கு அவள்: "அப்ப தொடாத. நல்லா வேலை செய்யுதுன்னே சொல்லிடு. நான் குடுத்த போன்ல அந்த ஊர் சிம்மப் போட்டு, அதுலேர்ந்து உன் போனுக்கு நெட் எடுத்து ஓட்டு. பத்திரம்டா."

அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னிடம் எத்தனை நாள் பொய் சொன்னார்கள் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. க்யூஆர் கோடோடு வந்த குறிப்பின் இரண்டாம் பக்கத்தையும் காட்டினீர்கள். 'இறங்கியதும் லைனை ஆன் செய்யவும்.' முதல் பக்கம் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு. அதை நான் எழுத்து விடாமல் படித்தேன். இரண்டாம் பக்கம் பயணம் போகிறவருக்கு. அவர் படித்திருக்க வேண்டும்.

என் கணவரை நான்தான் கொன்றேன். தனியாகத்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், அது உண்மையில்லை. 'மனைவி மேல் இருந்த பயத்தால் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் என்ன பயம்? "ஏம்மா, நீ லைன ஆஃப் பண்ணியே குடுத்துட்ட" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன, கடித்தா தின்றிருப்பேன்?