பேர் போடுற கட்டம்

அண்ணே, அண்ணே, மௌஸ விடுங்க! ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. மத்த எத வேணா மூடுங்க, அந்தக் கடைசி விண்டோவ மட்டும் விட்டுடுங்க.

ஆமா, கேம்தான். பார்சல் ஆபீஸ்ல உக்காந்து பாம்பு ஏணி ஆடறேன். மேனேஜர்கிட்ட தாராளமா சொல்லுங்க. அவருதான கம்ப்யூட்டரப் பாக்க உங்கள வரவெச்சது.

எப்படித் தொறந்தேனா? கேம் சைட்டு பூரா அடைச்சீங்க, சரி. கணக்குச் சொல்லித்தர்ற சைட்ட அடைப்பீங்களா? அதுக்குள்ள எண் பயிற்சின்னு ஒண்ணு இருக்கும். தட்டினா பாம்பு ஏணி. ஸ்கூல்ல இருக்கறப்பவே கண்டுபிடிச்சுட்டோம். நான் கணக்குல வாங்கின மார்க்குக்கு, அந்த சைட்டே கதின்னு கிடக்கறத பாத்து டீச்சர் உருகிட்டாங்க.

சிரிக்காதீங்கண்ணே. எதிர்ல ஆடறது என் தங்கச்சி.

அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சப்ப ஆளுக்கு ஒண்ணுன்னு எங்களப் பிரிச்சுக்கிட்டாங்க, பாத்திரம் பிரிக்கிற மாதிரி. அவ அம்மாவோட வேற ஊரு. எந்த ஊருன்னு அப்பாகிட்ட கேட்டா, தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுடுவாரு. போன் நம்பரும் மாத்தியாச்சு. அவ ஸ்கூல்லயும் எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கானுங்க, கணக்கு மட்டும் தொறக்கும். கம்ப்யூட்டர் பீரியட்ல வருவா. பழைய வீட்டுக் கதவு நம்பர்தான் எங்க ஆட்டத்தோட நம்பர், அதப் போட்டா ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்துல சேந்துக்கலாம். பகல்ல ஒரு கம்ப்யூட்டர் வேணும்னுதான் படிப்ப விட்டுட்டு இந்த வேலைக்கே வந்தேன். போதுமா?

பேசல்லாம் முடியாது. ஆனா பேர் போடுற கட்டம் இருக்குல்ல? அதுல அவ பேரப் போடமாட்டா. சாப்ட்டியான்னு போடுவா. ரெண்டு தடவ தாயக்கட்ட உருட்டிட்டு மாத்துவா, ஷூ கிழிஞ்சிடுச்சு. ஒருநாள் அம்மா சிரிச்சாங்கன்னு போட்டா. நான், அப்பா இன்னும் சிரிக்கலன்னு போட்டேன்.

போன வாரம் பாதி ஆட்டத்துல, அவ லைன்ல இருக்கான்னு காட்டற பச்சப் புள்ளி செவப்பாயிடுச்சு. அப்புறம் வரல. பாருங்க, ஏணிக்கு அடியிலயே நிக்கிது அவ காய். அதுலேருந்து இந்த மிஷின நான் அணைக்கல. சாயங்காலம் ஸ்க்ரீன மட்டும் அணைச்சுட்டுப் போயிடுவேன்.

திரும்பத் தொறக்கலாம்தான். யாரு இல்லன்னா? காலியாத் தொறக்கும். காயும் இருக்காது, அவ கடைசியா போட்ட பேரும் இருக்காது.

போட்டோவா? எடுத்து வெச்சிருக்கேன். போட்டோல காய் நகராதுண்ணே.

இனிமே வரமாட்டா, தெரியும். நான் ஒண்ணும் பச்சக் குழந்த இல்ல. நீங்க உங்க வேலையப் பாக்கணும், அதுவும் தெரியும்.

என்ன பேருன்னு நீங்களே குனிஞ்சு படிங்க. பொடி எழுத்து, அவ்ளோதான் எடம்.

அம்மாக்குத் தெரிஞ்சிடுச்சு. மூடிடுண்ணா.

மூடல.