செத்த நாயின் இரண்டு பெல்ட்

“செத்த நாயோட பெல்டை எதுக்குயா மடியில வச்சிகினு வர?”

திருத்தணி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த பெண் தன் கணவரிடம் இப்படிக் கேட்டாள். கனகம்மாசத்திரத்தில் ஏறியவர்கள். அவர் மடியில் நாய்க்குப் போடும் கழுத்து பெல்ட் இரண்டு கிடந்தன.

“கடைக்காரன் மூஞ்சில வீசப் போறேன். ஒண்ணு உருவிகினா இன்னொண்ணு புடிக்கும்னு சொல்லித்தானே ரெண்டா குடுத்தான்?”

“நாய் பழக்குறவரும் அதையேதான் சொன்னாரு. பெல்டுக்கு ஒரு கொக்கி தனித்தனியா போடுன்னும் சொன்னாரு. நீ எத்தினி போட்ட?”

“கயிறு ஒண்ணுதானேன்னு ரெண்டு வளையத்தையும் சேர்த்து ஒரே கொக்கியில மாட்டினேன்.”

“எந்தக் கொக்கியில?”

நடத்துனர் வந்தார். கணவர் சீட்டை வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

“சொல்லுயா.”

“வண்டி சாவியில தொங்கிகினு இருந்துதே, அதுல.”

“சாவி தாங்குற கொக்கி அது. காவடி மேளத்துக்கு மிரண்டு டைகர் ஒரு இழு இழுத்துது, கொக்கி வாயப் பொளந்துகிச்சு. நாய் நேரா லாரிக்கு அடியில போய் வுழுந்துது.”

“பெல்ட் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா...”

“பெல்டை இன்னாத்துக்குயா சொல்ற? ரெண்டும் கடைசி வரிக்கும் அது கழுத்துலயேதான் இருந்துது. குழியில போட சொல்லோ நீதான் கழட்டின.”