ஆண்டுக்கு ஒரு சாண்

காலை பத்து மணி வரை என் வயலில் கரையின் நிழல் கிடக்கும். அதில் உட்கார்ந்து டீ குடிப்பது எனக்குப் பிடிக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் குழியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். கரையைச் சொல்லாமல் குழியைச் சொன்னால் புரியாது.

கரை என்றால் வரப்பு இல்லை. இரண்டு ஆள் உயரம், நாற்பது அடி அகலம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓடும் மண்மேடு. எந்தக் காலத்திலோ இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டு எல்லை போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டு கூட்டமும் இல்லை, எல்லை மட்டும் இருக்கிறது. அப்பா நிலத்தைப் பிரித்தபோது அதையே எங்களுக்கும் எல்லையாக வைத்தார். மேற்கே எனக்கு, கிழக்கே தங்கைக்கு. கிழக்கு கறுப்பு மண், விதைத்துவிட்டு மறந்தாலும் விளையும். என் பக்கம் சரளை.

நான் சண்டை போடவில்லை. தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் இல்லை. அறுவடை முடிந்ததும் என் பக்கத்துக் கரையின் அடியை டிராக்டரால் ஒரு சாண் செதுக்குவேன். அந்த மண்ணை அவள் பக்கச் சரிவில் கொட்டுவேன். கரையின் அகலம் அப்படியே இருந்ததால் யார் கண்ணையும் உறுத்தவில்லை. தங்கை அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாள், குத்தகைக்காரருக்கு ஒரு சாண் பெரிதாகத் தெரியவில்லை. இருபது ஆண்டில் பதினைந்து அடி நகர்த்தினேன். கிடைத்ததும் சரளைதான், ஒழுங்காக எதுவும் விளையவில்லை. இருந்தாலும் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

போன கோடையில் ஒரு தொல்லியல் ஆய்வாளர் அம்மா ஆட்களோடு வந்து கரையைக் குறுக்கே வெட்டினார். நாற்பது அடி நீளம், பத்தடி ஆழம், இரண்டு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரில் தெரியும் மண் அடுக்குகளை வரைய ஓர் ஆள் வேண்டும் என்றார். என் தங்கை கணவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். விடுமுறைதானே என்று மாப்பிள்ளை சந்தோஷமாகப் போனார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, காதில் பென்சிலோடு குழிக்குள்ளேயே கிடந்தார்.

கிழக்குப் பக்க மண் இளகலாக, வேறு நிறத்தில் இருந்ததை அந்த அம்மாவும் பார்த்தார். "பிற்காலத்துல யாரோ கரையை அகலப்படுத்தியிருக்காங்க" என்று எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏணியில் இறங்கினேன். கிழக்குக் கோடியில், நான்கடி ஆழத்திலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கி என் கையில் வைத்தார். உரச்சாக்கின் கிழிசல்.

"ஏன் மச்சான், ராஜா காலத்துலயே யூரியா போட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மச்சான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றீங்கல்ல, நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா அவ கோவிச்சுக்க மாட்டா."

"சரி மாப்பிள்ளை" என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஏணியேறி மேலே வந்து பத்தடி நடந்திருப்பேன். பின்னால் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். நான் கொட்டிய மண்தான் முதலில் விழுந்தது. அது முட்டுகளைப் பறித்துக்கொண்டு போக, குழி நெடுக ஒரே குவியலாகச் சரிந்தது. முட்டுப் பலகைகளை நான் தொடவில்லை ஐயா. அதில் என் கை இல்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் இருந்தாரு?" என்று அந்த அம்மா கத்தினார். நான் மேற்கே கை காட்டினேன். எல்லாரும் மேற்கே தோண்டினோம். நானும் தோண்டினேன், மண்வெட்டி பத்தாமல் கையாலேயே. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிழக்குக் கோடியில் அவரை எடுத்தார்கள். பலகைக்கு அடியில் கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது, அரை மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பார் என்றார் டாக்டர். அதிர்ச்சியில் எனக்குத் திக்குத் திசை தெரியவில்லை என்று எல்லாரும் சேர்ந்து எனக்காகச் சொன்னார்கள். உங்கள் கோப்பிலும் அப்படித்தான் இருக்கிறது.

பிய்ந்த நகங்களுக்குத் தங்கைதான் மருந்து வைத்துக் கட்டினாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் மாதிரி யாரும் தோண்டல" என்றாள். விரல்கள் ஆறிவிட்டன. அந்தப் பேச்சை அவள் இன்னும் விடவில்லை.

போன வாரம் வந்தாள். "அண்ணா, குத்தகைக்காரர் விட்டுட்டுப் போறாராம். அந்தப் பக்கத்தையும் நீயே பாத்துக்கோ. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

திசை எனக்கு நன்றாகத் தெரியும். மண் விழுந்ததும் முதலில் குதித்தது நான்தான். கிழக்குக் கோடியில்தான் குதித்தேன். காலுக்கடியில் பலகை தட்டும் சத்தம் கேட்டது. "மச்சான்" என்று கூப்பிட்டார். வேறு யார் பெயரையும் சொல்லவில்லை, மேலே இருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மா வந்து கேட்டபோது நான் அந்த இடத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே நின்றபடியேதான் மேற்கே கை காட்டினேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.