அணைச்ச பிறகும் ஓடுற ஃபேன்

...வண்டிய அணைச்சு, சாவிய உருவி, கதவப் பூட்டி, நாலு எட்டு நடந்தும் வந்தாச்சு. பானெட்டுக்குள்ள ஃபேன் மட்டும் கொர்ர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கு! யாருக்கு சார் காத்து? உள்ள யாராவது படுத்திருக்காங்களா? ம்? நீங்க ஃபோனப் பாருங்க, பரவால்ல. காது சும்மாதானே இருக்கு.

உங்க வண்டிக்கு என்ன? பிரேக்கா? அது கௌரவமான வியாதி. எங்களுது இந்தக் கர்மம்.

என் வண்டி இல்ல, மாப்ள வண்டி. அதோ, கண்ணாடி ரூமுக்குள்ள கைய ஆட்டி ஆட்டிக் கத்துறாரே, அவர்தான். வீட்ல என்கிட்ட ‘சரி மாமா, ஆகட்டும் மாமா’, ரெண்டே வார்த்தை. இங்க பாருங்க, மடை தொறந்த மாதிரி கொட்டுது! எதிர்ல தலையக் குனிஞ்சு நிக்கிறானே, அவன்தான் மெக்கானிக்கு. போன புதன்கிழமை சர்வீஸ் பண்ணினவன்.

வண்டிய எடுக்க அன்னிக்கு நான்தான் வந்தேன். ‘ஏம்ப்பா, இந்த ஃபேன் ஏன் நிக்க மாட்டேங்குது?’ன்னேன். ‘இஞ்சின் சூடு தணியற வரைக்கும் ஓடும் பெரியவரே, தானா நிக்கும். கைய கிய வெச்சிடாதீங்க’ன்னான். கைய வைக்கக் கூடாதாம்! ‘யார்கிட்டப் பேசுறே?’ன்னு அங்கயே அவன்மேல பாஞ்சுட்டேன். முப்பத்திரண்டு வருஷம் மின்சார ஆபீஸ்ல மீட்டர் பார்த்தவன் சார் நான். வாசல்ல நின்னாலே போதும், உள்ள எந்த ரூம்ல எது வெட்டியா ஓடுதுன்னு சொல்லிடுவேன்.

ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடினா எனக்கு சோறு இறங்காது. ஆள் இருந்தாலும்... ஒரு தடவ பாத்ரூம் லைட்ட அணைச்சுட்டேன், உள்ள சம்பந்தி. வழுக்கி விழுந்துட்டார். நான் என்ன பண்றது? உள்ள இருக்கேன்னு ஒரு குரல் குடுக்கலாமில்ல? அதுலேர்ந்து எங்க வீட்டுக்கு வர்றதே இல்ல. தப்பித் தவறி வந்தாலும் பாத்ரூம் பக்கம் போறதில்ல.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், இன்னிக்குக் காலைல. மாப்ளயும் பொண்ணும் கிளம்பினாங்க. பெரிய சிக்னல்ல போய் நின்னதும் பானெட்லேர்ந்து புஸ்ஸுன்னு ஆவி. உலை கொதிக்கிற மாதிரி! என் பொண்ணு ஏழு மாசம் சார். ஒரு மணி நேரம் வெயில்ல நின்னிருக்கா. இப்ப வீட்ல படுத்திருக்கா, நல்லாத்தான் இருக்கா.

இங்க கொண்டுவந்து தொறந்து பாத்தா, அந்த ஃபேனுக்குக் கரண்ட் விடுற ரிலேயக் காணோம். சின்னக் கறுப்பு டப்பி, தீப்பெட்டில பாதி இருக்கும். குழி மட்டும் பல்லு போன மாதிரி இருக்கு. ‘சர்வீஸ்ல கழட்டிட்டு மாட்டாம விட்டிருக்கான்’னு மாப்ள குதிக்கிறார். ‘இன்னியோட இவன வேலைய விட்டு அனுப்பிடறேன்’கிறார் முதலாளி. அனுப்பட்டும். நமக்கென்ன?

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

காணாமப் போன டப்பி தீப்பெட்டில பாதின்னு எனக்கு எப்படித் தெரியும்னா? பிரேக்கு ரிப்பேருக்கு வந்தீங்களா, துப்பறிய வந்தீங்களா?

...மெதுவாப் பேசுங்க. ஆமா, நான்தான். நேத்து சாயங்காலம் மாப்ள வண்டிய நிறுத்திட்டு உள்ள போனார், அது கொர்ர்ர்னு ஆரம்பிச்சிடுச்சு. பானெட்டத் தொறந்தா, உள்ள ஒரு பெட்டி, அதோட மூடியிலயே ஃபேன் படம் போட்டிருக்கு சார். அந்த டப்பிய உருவினேன், நின்னுச்சு. என்ன நிம்மதி! வண்டி ஓடும்போதும் அது வேணும்னு எவன் சொன்னான்? சூட்டத் தணிக்கத்தான்னு... சொன்னான். அவன்தான் சொன்னான்.

இத மாப்ளகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு சொல்றது? பொண்ணக் குடுத்த இடம். அங்க சம்பந்தி வேற, பாத்ரூம் கதையவே இன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார்.

இருங்க, உள்ள கத்தல் நின்னுடுச்சு. இந்த மெக்கானிக்குப் பையன் ஏன் இங்கயே பாக்குறான்? என்னைத்தான் பாக்குறான். போச்சு, அவனுக்குப் புரிஞ்சிடுச்சு. சொல்லப்போறான்... என்ன சொன்னான்? கேட்டுச்சா உங்களுக்கு?

‘நான்தான் சார் மாட்ட மறந்துட்டேன்’னா?

அட கிறுக்கா! மாப்ள முன்னாடி மாமனார் தல குனியக் கூடாதுன்னு அவன் குனிஞ்சிட்டான் சார். வேல போகுதுடா உனக்கு! இவனுக்கு நான் யாரு? அன்னிக்கு நான் பேசின பேச்சுக்கு இவன் இப்ப கைகொட்டிச் சிரிக்கணும். சே... வெக்கமா இருக்கு சார். நெஜமாவே வெக்கமா இருக்கு.

எங்க எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க. நீங்க ஒண்ணும் போய்ச் சொல்ல வேணாம். கால நகத்துங்க, நானே போறேன்.

மாப்ள... கையக் கொஞ்சம் இறக்குங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த டப்பி எங்க வீட்டு பீரோவுல இருக்கு. நான்தான் வெச்சுப் பூட்டினேன்.