நான்கு மணி நேரம் உட்காரச் சொன்னவர்

அவைத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய ஏய்னார் அவர்களே, ராவ்ன்ஹோல்ட் நீள்வில் கழகத்தின் தோழர்களே, துயரத்தோடு உங்களை வணங்குகிறேன்.

நான் அடிக்கடி அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சை முடிக்கும் அவசரம் இல்லை. காரணத்தைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன்.

மூன்று வாரங்களுக்கு முன் நாம் யாரை இழந்தோம்? நம் வில் பயிற்சியாளரை இழந்தோம். அடிபட்ட மான்களைத் தம் மோப்ப நாயோடு தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் வேதனையை முடித்துவைத்தவரை இழந்தோம். கெர்ட்ரூட் தெஸ்த்ரப் அம்மையாரை இழந்தோம். அம்மையார் என்றது காதில் விழுந்திருந்தால் இந்நேரம் என்னைத் திட்டியிருப்பார்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. நாற்பத்தைந்தில் நான் இந்தக் கூடத்துக்கு வில் பழக வந்தேன். முதல் மாதம் முழுவதும் அம்பே தரவில்லை. நாணைக் கன்னம் வரை இழு, மெல்ல இறக்கு, மறுபடி இழு. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று கேட்டேன்.

"அம்பை விடறதுக்கு ஒரு நாள் போதும் ஹோல்கெர். விடாம இறக்கறதுக்குத்தான் மாசக்கணக்குல ஆகும். நீ இழுத்த நேரத்துல மான் திரும்பி நின்னா என்ன பண்ணுவே?"

பதினைந்து தப்படிக்கு அப்பால் நிற்கும் மானை எய்யாதே என்பதும் அவர் விதிதான். அதைக் கேட்டு அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யார்?

அவரிடம் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஒரு முறை என் அம்பு மானின் வயிற்றில் பட்டுவிட்டது. பதறிப்போய் அதன் பின்னால் ஓடப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து என்னை ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்தார். ரொட்டியை எடுத்து நீட்டினார்.

"எப்படிங்க சாப்பிடறது? அது அங்க துடிச்சிட்டிருக்கு."

"வயித்துல பட்ட மான் பக்கத்துலயே எங்கயாவது படுத்துக்கும். நீ போய் நின்னா எழுந்து ஓடும். மைல் கணக்குல ஓடும். அப்புறம் ரெண்டு நாள் கிடந்து சாகும், யாருக்கும் கிடைக்காது. உன் பதட்டத்துக்கு அது ஏன் ஓடணும்? நாலு மணி நேரம் உக்காரு."

உட்கார்ந்தோம். மான் கிடைத்தது.

தோழர்களே, இன்று காலை ஏழு மணிக்கு நான் மறுபடியும் அதே தவறைச் செய்தேன்.

வேட்டையில் விழுந்த மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பசுந்தழை வைப்போம் அல்லவா? அந்தத் தழையில் ஒரு கிள்ளு எடுத்து, இதோ அவருடைய இந்தப் படத்தின் முன் வைக்க ஆசைப்பட்டேன். ஆண்மான் இருபத்திரண்டு தப்படியில் நின்றது. எண்ணிப் பார்த்தேன், தெரிந்தேதான் இழுத்தேன். கையை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

மான் ஓடிவிட்டது; கீழே கிடந்த அம்பில் பச்சையாக ஈரம். முகர்ந்ததும் வயிற்றில் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்த ஊர் மோப்ப நாய்க்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சாலையில் அடிபட்ட ஒரு மானைத் தேடிக்கொண்டிருக்கிறார், மாலைக்கு முன் வர முடியாது. நேராக ஏய்னார் வீட்டுக்குப் போனேன். கெர்ட்ரூடோடு பதினாறு ஆண்டுகள் நாயின் வாரைப் பிடித்து நடந்தவர் அவர். மனைவியின் அஞ்சலிக் கூட்டத்துக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர் திட்டவில்லை. அம்பை வாங்கி முகர்ந்தார். "பதினொண்ணு வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பிறகு கெர்ட்ரூடின் நாயைப் பற்றி, "ட்ரோல் மூணு வாரமா அவ கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. எனக்காக மோப்பம் பிடிக்குமான்னு தெரியல. கூட்டிட்டு வரேன்" என்றார்.

ட்ரோல் இப்போது வெளியே காரில் இருக்கிறது. வார் ஏய்னார் மடியில் இருக்கிறது.

மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அதோ, கூரையில் விழத் தொடங்கிவிட்டது. இரத்தத் தடம் கரைந்துவிடும். பின்வரிசையில் ஸ்டீன் எழுந்து நிற்கிறார்.

"இப்பவே போயிடலாம் ஹோல்கெர். மழை ஏறினா ஒண்ணும் மிஞ்சாது."

ஸ்டீன், எனக்கும் அதே ஆசைதான். என் கால் மேடையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் கெர்ட்ரூட் இங்கே இருந்திருந்தால் இந்நேரம் உங்கள் சட்டையைப் பிடித்திருப்பார். உட்காருங்கள்.

கெர்ட்ரூட், உங்கள் படத்தின் முன் தழை வைக்கும் தகுதி எனக்கு இல்லை. மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பருவம் முழுவதும் என் வில் இந்தச் சுவரில்தான் தொங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு வில்லை இறக்கக் கற்றுக்கொடுப்பேன். ஏன் என்று கேட்டால் இன்று காலை நடந்ததை மறைக்காமல் சொல்வேன். இது உங்கள் கணவர் முன் நான் எடுக்கும் உறுதி.

கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது நம் வழக்கம். இப்போது மணி பத்து நாற்பத்தெட்டு. இன்று பன்னிரண்டு நிமிடம் காப்போம். யாரும் எழ வேண்டாம். அவர் சொல்லிக்கொடுத்தபடி உட்கார்ந்தே இருப்போம். பதினொன்று அடித்ததும் ஏய்னார் கதவைத் திறப்பார்.