துரு எடுத்த லாரி

"என் வண்டி என்னுதுதான்னு நானே ப்ரூப் காட்டணுமாம்!"

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்து வந்த குரல் அது. கத்தியவர் லாரி ஓனர். பக்கத்தில் நகமெல்லாம் பச்சைப் பெயிண்ட்டோடு குனிந்திருந்தவர், அந்த லாரிக்குப் பெயிண்ட் அடித்தவர். ஓடத் தகுதியானது என்ற எப்.சி. சான்றுக்குக் கொண்டுபோன வண்டியை ஆர்டிஓ ஆபீஸிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இதெல்லாம் வல்லம் வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"நீங்கதான பாய் சொன்னீங்க, ஒரு பொட்டுத் துரு கண்ணுல படக்கூடாதுன்னு."

"அதுக்கு? கிரைண்டர வச்சு சேஸ் நம்பரையும் சேத்து இழைப்பியா? கம்பெனியில இரும்புல குத்தி அனுப்பின நம்பர்டா அது! ஆபீசர் பேப்பர வச்சுப் பென்சிலால தேய்க்கிறாரு, தேய்க்கிறாரு, ஒரு எழுத்து வரல. திருட்டு வண்டியான்னு என்னையே கேக்குறாரு. பொண்ணு கல்யாணத்துக்குக்கூட விக்காம வச்சிருந்த வண்டி!"

"துருவுக்கடியில இருந்துச்சு பாய். தெரியல."

"எப்.சி. இல்லாம எவன் லோடு ஏத்துவான்? தொண்டூர்ல நெல்லு மூட்டை கட்டி வச்சுட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது? நாளைக்கு நீயே வந்து ஆபீசர்கிட்ட சொல்லு, நான்தான் அழிச்சேன்னு."

"நான் சொன்னா நம்புவாங்களா பாய்?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டு வந்தது. ஓனர் எழுந்தார்.

"ஏன் நம்பமாட்டாங்க? பின்கதவுல உன் பேரையும் போன் நம்பரையும் மொழ நீளத்துக்கு எழுதி வச்சிருக்கியே, அது மட்டும் நல்லாத் தெரியுது. இப்ப அந்த வண்டிக்கு ஓனரே நீதான்டா!"