ஏழாவது நாற்காலியின் மதிப்பீட்டுப் படிவம்

— ...சத்தியமாச் சொல்றேன் மேடம். இந்த டஸ்டர் மேல கை வெச்சுச் சொல்றேன், பாத்துக்குங்க. இந்தப் பயிற்சி அறையைப் பத்தி என் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கலப்படமே கிடையாது.

— சார், நான் ‘வணக்கம்’னு மட்டும்தானே சொன்னேன்...

— கக்கத்துல மஞ்சப் படிவக் கட்டோட ஒருத்தர் வந்து வணக்கம் சொன்னா, அது தலைமை அலுவலகம். மதிப்பீட்டுப் பிரிவு. அடுத்தது கேள்விதான். அதான் முந்திக்கிட்டேன். உக்காருங்க... ஐயோ, அதுல வேண்டாம்! பதினொண்ணு ஆடும். இதுல உக்காருங்க.

— நாற்காலிக்கெல்லாம் நம்பரா சார்?

— சார்லாம் வேண்டாம் மேடம்.

— பயிற்சியாளரைப் பின்ன எப்படிக் கூப்பிடறதாம்?

— ...சரி, சாரே இருந்துட்டுப் போகட்டும். மொத்தம் இருபத்துநாலு நாற்காலி. லாட வடிவத்துல போட்டிருக்கு பாருங்க. வரிசையாப் போட்டா பின்னாடி இருக்கறவன் தூங்குவான். லாடமாப் போட்டா ஒருத்தன் தூங்கறது எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியும். கூச்சப்பட்டுக்கிட்டே முழிச்சிருப்பான். பயிற்சியில பாதி நாற்காலிதான்.

— மீதி பாதி?

— டீ. ...உங்க அடையாள அட்டை திரும்பிக் கிடக்கு மேடம். கழுத்துல.

— கிடக்கட்டும். போட்டோ நல்லா இருக்காது. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?

— இந்த அறையிலயா? இருபத்தாறு. மேடம், நேராவே கேட்டுடறேன். இத மூடறதா, வெச்சுக்கறதான்னு முடிவு பண்ணத்தானே வந்திருக்கீங்க?

— பாக்கத்தான் வந்தேன் சார். நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு.

— நாலு மணியா... அப்ப சீக்கிரம் கேளுங்க. எந்தப் பயிற்சியோட பலன் வேணும்?

— நேர மேலாண்மை.

— ஸ்டோர்ல ஒருத்தர். பதினஞ்சு வருஷமா லேட்டு. ரெண்டு நாள் பயிற்சி. மூணாம் நாள்லேர்ந்து அவரைப் பாத்து வாசல் கடிகாரத்தைத் திருத்தினாங்க. லீவு நாள்லயும் எட்டரைக்கு வந்து கேட்டுக்கு வெளிய நிப்பார். ‘வந்துட்டேன், இன்னிக்கு லீவு’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போவார்.

— இத எந்தக் கட்டத்துல எழுதறது?

— ‘அணுகுமுறை மாற்றம்’னு ஒண்ணு காலியா இருக்குமே... அதுல.

— பாதுகாப்புப் பயிற்சி?

— சரக்குத் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர். பயிற்சிக்கு முன்னாடி மாசம் ரெண்டு செவுத்த இடிப்பார். பயிற்சிக்கு அப்புறம்...

— இடிக்கறதில்ல.

— இடிக்கறார். ஆனா இறங்கி வந்து செவுத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கறார். எழுத்து மூலமா. செவுரு இன்னும் பதில் போடல.

— சார்...

— டஸ்டர் மேல சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்.

— பயிற்சிய வடிவமைக்கறதுக்கு முன்னாடி தேவை என்னன்னு ஆய்வு பண்ணுவீங்களா? இல்ல, மேனேஜர் கேட்டதெல்லாம் குடுத்துடுவீங்களா?

— ஆய்வு பண்ணாம ஒரே ஒரு தடவ நடந்துச்சு. பேக்கிங் மேனேஜர் வந்து, என் ஆளுங்க பன்னெண்டு பேருக்கும் தலைமைப் பண்பு வேணும்னார். குடுத்தாச்சு. மறுநாள் காலையில பன்னெண்டு பேரும் தலைவருங்க. முன்னாடி போறதுக்கு எல்லாரும் தயார், பின்னாடி வர ஆளில்ல. சாயங்காலம் வரைக்கும் ஒரு பெட்டி நகரல. அப்புறம் பின்னாடி நடக்கறதுக்குத் தனியா ஒரு நாள் பயிற்சி வைக்க வேண்டியதாப் போச்சு.

— சிரிக்க வைக்காதீங்க. எழுத வரல. சரி, முன் தேர்வுல சராசரி பன்னெண்டு, பின் தேர்வுல தொண்ணூத்தேழு. இது எப்படி?

— முன் தேர்வு சாப்பாட்டுக்கு முன்னாடி. பின் தேர்வு சாப்பாட்டுக்கு அப்புறம்.

— கேள்வி?

— முன்னாடி கேக்கறது கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பின்னாடி கேக்கறது... ‘நீங்கள் இப்போது எந்த அறையில் இருக்கிறீர்கள்?’ மாதிரி.

— அப்படியும் மூணு மார்க் போச்சே?

— ஒருத்தர் ‘உறுதியாகத் தெரியவில்லை’ன்னு எழுதினார். அவர் நேர்மைப் பயிற்சிக்கும் வந்தவர்.

— கருத்துப் படிவத்த எப்போ குடுப்பீங்க? டீக்கு முன்னாடியா, பின்னாடியா?

— டீ கைல இருக்கும்போது. சூடு ஆறறதுக்குள்ள.

— அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டுப் போயிடுவாங்க.

— அட, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கே!

— இருபது வருஷமா படிவம்தான் சார் படிச்சேன். கதவுகிட்ட நின்னுக்கிட்டுப் போடற டிக்கும், யோசிச்சுப் போடற டிக்கும் பாத்தவுடனே தெரியும். அதனாலதான் ஆறு மாசம் கழிச்சு இந்த மஞ்சப் படிவத்த அனுப்ப ஆரம்பிச்சேன். ‘பயிற்சியில் கற்றதை எதற்குப் பயன்படுத்தினீர்கள்?’ பேர் வேண்டாம், என்ன வேலைன்னு மட்டும் எழுதினாப் போதும்.

— பேர் இல்லேன்னாத்தான் உண்மை எழுதுவாங்க.

— அப்படித்தான் நானும் நினைச்சேன்.

— உங்க பிரிவுல எத்தனை பேரு மேடம்?

— அஞ்சு பேர் இருந்தோம். அப்புறம் மூணு. அப்புறம்... நான். சுத்தி அலமாரி. மதியம் சாப்பிடும்போது ஒரு கட்டப் பிரிச்சு வெச்சுக்குவேன், பேச்சுத் துணைக்கு. நாப்பத்தோரு கிளைக்கு, ஆளுக்கு இருபத்துநாலு படிவம் அனுப்பறோம். ஒரு கிளையிலேர்ந்து எத்தனை திரும்பி வரும்னு நினைக்கறீங்க?

— பாதி?

— பாதியா! மூணு வந்தா நான் எழுந்து வராந்தாவுல ஒரு நடை நடந்துட்டு வருவேன், சந்தோஷத்துல. ஒரே ஒரு கிளையிலேர்ந்து மட்டும் இருபத்துநாலும் வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம், இதுவரைக்கும் ஆறு தடவ. நூறு சதவீதம்.

— இங்க எல்லாரும் ஒழுங்கான ஆளுங்க.

— நூறு சதவீதம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது சார். இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க. எல்லாமே மூணா மடிச்சிருக்கு. ஒரே மடிப்பு.

— மடிக்கறதுக்குத் தனிப் பயிற்சி உண்டு... அரை நாள்.

— எல்லா டிக்குக்கும் வாலு இடது பக்கம் போகுது. இடது கைக்காரங்க போடற டிக் இது. இருபத்துநாலு பேரும் இடது கையா?

— இருங்க மேடம், ஒரு டிக்க போர்டுல போட்டுக் காட்டறேன்.

— அந்த மார்க்கர இப்ப எந்தக் கைல வெச்சிருக்கீங்க சார்?

— இது... இடது கையால எழுதினா மூளை வளரும்னு ஒரு பயிற்சி நடந்துச்சு. பலன் அப்படியே நின்னுடுச்சு. கேன்டீன்ல இருபத்துநாலு பேரும் ஒருத்தர் முழங்கை ஒருத்தர் மேல படாம சாப்பிடறத நீங்க பாத்திருக்கணும்...

— வர்ற வழியில புகார் மேஜைக்குப் போனேன்.

— ...அங்க எதுக்குப் போனீங்க?

— அங்க இருக்கறவர் எழுதியிருந்தாரே. ‘கவனித்துக் கேட்டல்’ பயிற்சிக்கு வந்தவர். படிக்கறேன். ‘நான் கேட்கும் விதத்தில் வாடிக்கையாளர் ஒருவர் தம் புகாரையே மறந்துவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறார். புகார் எதுவும் இல்லை. பேசிவிட்டுப் போகிறார்.’

— அருமையான மனுஷன்.

— அவரப் பாத்து ஒரு வார்த்தை பேசணும்னு போனேன். அங்க ஒரு மெஷின் இருக்கு சார். ‘புகாருக்கு ஒன்றை அழுத்தவும்’ங்குது.

— அழுத்தினீங்களா?

— அழுத்தினேன்.

— என்ன சொல்லுச்சு?

— ‘சற்றுக் காத்திருக்கவும்.’

— ...அதுவும் பொறுமையாத்தான் கேக்கும் மேடம்.

— சார். இந்த அறையில கடைசியா வகுப்பு எப்போ நடந்துச்சு?

— டீ ஊத்தட்டுமா? ஃப்ளாஸ்க்குல இருக்கு. ரெண்டு கப்புக்கு வரும்.

— சார்...

— பாடமெல்லாம் போனுக்குள்ள போயிடுச்சு மேடம். சாப்பிட்டுக்கிட்டே ‘அடுத்து, அடுத்து’ன்னு அழுத்தறாங்க. முடிஞ்சதும் அதுவே சான்றிதழும் குடுத்துடுது. இங்க ஒருத்தரும் வர்றதில்ல. மூணு வருஷம் ஆச்சு.

— ஸ்டோர்காரர்?

— அப்படி ஒருத்தர் இல்ல.

— ஃபோர்க்லிஃப்ட்?

— ஃபோர்க்லிஃப்ட் இருக்கு. ஓட்டறவரும் இருக்கார். இடிக்கவும் இடிக்கறார். மன்னிப்புதான் கேக்கறதில்ல.

— அப்ப இந்த நாற்காலியெல்லாம்?

— காலையில போடறேன், சாயங்காலம் மடக்கறேன். போடலேன்னா இது அறையா கிடங்கான்னு யாருக்காவது சந்தேகம் வந்துடும். சந்தேகம் வந்தா மூடிடுவாங்க.

— மூடினா என்ன சார்?

— நான் வீட்டுக்குப் போகணும்.

— எல்லாரும் போறதுதானே...

— என் வீட்ல ஒரே ஒரு நாற்காலிதான் மேடம். எப்படிப் போட்டுப் பாத்தாலும் லாடம் வரல.

— ...அதுக்காகத்தான் நீங்களே படிவத்த நிரப்பினீங்களா? அறை நடக்குதுன்னு காட்ட?

— முதல் தடவ அதுக்கில்ல. ‘பயிற்சி அறை’ன்னு விலாசம் போட்டு மஞ்சக் கட்டு வந்துச்சு. இந்த அறைக்கு வேற எதுவுமே வர்றதில்ல. வந்ததுக்குப் பதில் போடலேன்னா மரியாதையா இருக்காதேன்னு போட்டேன். அதோட விட்டிருப்பேன்.

— ஏன் விடல?

— நீங்கதான் காரணம்.

— நானா!

— பெற்றுக்கொண்டோம்னு ஒரு சீட்டு அனுப்பினீங்களே. அச்சடிச்சது. அதுக்குக் கீழ பேனாவால ரெண்டு வார்த்தை... இருங்க, டிராயர்லதான் இருக்கு. இதோ. ‘தொடர்ந்து எழுதவும்.’

— அடக் கடவுளே...

— தலைமை அலுவலக உத்தரவு. மீற முடியுமா?

— முதல் முதலா ஒரு கட்டு முழுசாத் திரும்பி வந்துச்சேன்னு, ஏதோ ஒரு சந்தோஷத்துல எழுதினது சார் அது!

— எனக்கெப்படித் தெரியும்? தொடர்ந்து எழுதினேன். இருபத்துநாலு பேரா யோசிக்கறதுன்னா லேசா? பேக்கிங்ல இருக்கறவனுக்கு ஒரு கோபம் வேணும், கணக்குப் பிரிவு அம்மாவுக்கு ஒரு சலிப்பு வேணும். எல்லாரும் புகழ்ந்தா நம்ப மாட்டீங்கன்னு ஒருத்தனை மட்டும் ரெண்டு மார்க் போட வெச்சேன். அதுக்கப்புறம் அவனோட ஒரு வாரம் நான் பேசல.

— அந்த ரெண்டு மார்க் படிவம் எனக்கு மனப்பாடம்.

— ‘பயிற்சியாளர் தேவைக்கு மேல் பேசுகிறார்.’

— அது மேல. கீழ, ‘பிற கருத்துகள்’ கட்டத்துல... ‘மதியம் மூன்று மணிக்கு வெயில் ஏழாவது நாற்காலிக்கு வருகிறது. அந்த நேரத்தில் அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும்.’

— ...இடம் மிச்சம் இருந்துச்சு. நிரப்பினேன்.

— பயிற்சியப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. எந்த அளவுகோல்லயும் சேரல. அறிக்கையில சேக்கவும் முடியல, கிழிக்கவும் மனசு வரல. கட்டுக்கு மேல இருக்கு பாருங்க, அந்தத் தாள் மட்டும் கசங்கியிருக்கும்... பைக்குள்ளயே வெச்சிருந்தேன்.

— மதிப்பீட்டாளர் பண்ற வேலையா இது?

— இல்லதான்.

— சரி மேடம். மறைக்காம சொல்லுங்க. நாலு மணிக்கு என்ன எழுதப் போறீங்க... மூடச் சொல்லியா?

— எதுவும் எழுதப் போறதில்ல. நாலு மணிக்கு என் பஸ். அதான் நாலு மணின்னேன்.

— அப்ப அறிக்கை?

— யாருக்கு எழுதறது? இந்தாங்க... அட்டையத் திருப்பிக் காட்டறேன்.

— மூலையில ஓட்டை போட்டிருக்கே, செல்லாதுங்கற மாதிரி.

— மதிப்பீட்டுப் பிரிவ மூடி நாலு மாசம் ஆகுது சார். கருத்தையும் இப்ப போனே கேட்டுக்குது. சிரிக்கற மூஞ்சி ஒண்ணு, அழற மூஞ்சி ஒண்ணு, எதையாவது அழுத்தினாப் போதும். கடைசி நாள்ல, வேணுங்கறத எடுத்துக்கோங்கன்னாங்க. பூந்தொட்டி இருந்துச்சு, மேஜை விளக்கு இருந்துச்சு. நான் இந்தக் கட்ட எடுத்துக்கிட்டேன்.

— அப்ப... உங்கள யாரும் அனுப்பல?

— யாரும் அனுப்பல.

— வாசல்ல எப்படி விட்டாங்க?

— ‘பயிற்சிக்கு வந்திருக்கேன்’னேன். செக்யூரிட்டி என்னை ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் சிரிச்சுட்டு விட்டுட்டார்.

— ...மணி என்ன மேடம்?

— மூணு ஆகப் போகுது.

— அப்ப எழுந்து அந்தப் பக்கம் போங்க... இல்ல, இன்னும் ரெண்டு தள்ளி. ஆங், அதான் ஏழு.

— உக்காரட்டுமா?

— அதுக்குத்தானே போட்டிருக்கு.

— ...முழங்கால் வரைக்கும் வருது வெயில்.

— இன்னும் அஞ்சு நிமிஷத்துல மடிக்கு வரும். கண்ணு கூசினாச் சொல்லுங்க, திரைய இழுத்து விடறேன்.

— வேண்டாம், இருக்கட்டும். ...ஆரம்பிங்க சார்.

— என்னத்த?

— வகுப்பத்தான். ‘கவனித்துக் கேட்டல்.’ இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது அஞ்சரைக்கு இருக்கு. இருபத்தாறு வருஷம் எடுத்தவர், எனக்கு ஒருத்திக்கு எடுக்க மாட்டீங்களா?

— எடுக்கலாம்... அதுக்கென்ன... ஆனா டஸ்டர் மேல சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேனே. ஒண்ணு சொல்லிடணும்.

— என்ன சார்?

— பயிற்சியாளர் மூணு வருஷம் முன்னாடியே வேலைய விட்டுப் போயிட்டார். நான் நாற்காலி போடறவன்.